குத்ரத் ஷாவின் ஆட்சி நீண்ட கதை

காலையில் லூச்சிப் பூரி தின்றுகொண்டிருந்தபோது என் கை அடிக்கடி சட்டையின் உள்பாக்கெட்டுக்குப் போய்வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த என் மனைவி பீதிகா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நெஞ்சு வலியா, வாயுவா?"

"ரெண்டும் இல்ல. இன்னைக்கு ஒருத்தர் மூக்கு உடையப்போகுது."

"லாஹிரி மூக்கா? அது பெரிய மூக்காச்சே, சாயங்காலம் வரைக்கும் ஆகும். குரங்குக் குல்லாவ மறக்காம போட்டுக்கிட்டுப் போங்க."

கல்கத்தாவில் ஜனவரி மாதம் எதிரியை அழிக்கப் போகிறவனும் காதை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

என் பெயர் சுகோமல் ரக்ஷித். மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய நாணயம் சேர்க்கிற பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே பிடித்துவிட்டது. பீதிகாவிடம் பெண் பார்க்கும்போது மறைத்துவிட்டார்கள். தெற்குக் கல்கத்தாவில் எங்களுக்கென்று ஒரு நாணயச் சங்கம் இருக்கிறது. வடக்கில் இன்னொன்று இருக்கிறது. அவர்கள் எங்களிடமிருந்து பிரிந்து போனவர்கள். அவர்களைக் கேட்டால் நாங்கள் பிரிந்து போனதாகச் சொல்வார்கள். ஒரு செப்புக்காசில் இருப்பது யானையா பன்றியா என்று வந்த சண்டை அது. நாங்கள் யானைக் கட்சி. காசு தேய்ந்துபோய்விட்டதால் இரண்டு கட்சியும் இன்றுவரை நன்றாக நடக்கிறது.

எங்கள் கட்சியின் பெரிய மனிதர் அனாதிநாத் லாஹிரி. கல்லூரியில் சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கையில் ஒரு வெள்ளி நாணயம் கிடைத்தது. அதில் வங்காள சுல்தான் குத்ரத் ஷா என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு சுல்தான் இருந்ததாகச் சரித்திரத்தில் ஒரு வரி கிடையாது. எந்த மசூதியிலும் கல்வெட்டு இல்லை, எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஆக, அந்த சுல்தான் உலகத்தில் வாழ்ந்ததற்கு ஒரே சாட்சி லாஹிரியின் நாணயம். ஒரே ஒரு நாணயம்தான் கிடைத்திருக்கிறது என்பதால் அவர் ஒரே ஒரு மழைக்காலம் ஆண்டிருப்பார் என்று லாஹிரி கணக்குப் போட்டு எங்கள் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். கூடவே புகைப்படமும் போட்டார். அந்த அச்சகம் போடுகிற படத்தில் நாணயமும் கருகின லூச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாணயத்தை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

அன்றிலிருந்து அவருக்கு நடை மாறிவிட்டது. "உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணு" என்கிற வார்த்தையை வெற்றிலை மாதிரி வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தார். விசிட்டிங் கார்டிலும் குத்ரத் ஷா பெயரை அச்சடித்துக்கொண்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் காரணம் வேறு. ஒரு வருஷக் கூட்டத்தில் நான் கஷ்டப்பட்டு எழுதின கட்டுரையைப் படித்து முடித்ததும், நன்றி சொல்ல எழுந்த லாஹிரி, "நம்ம மின்சார ஆபீஸ் நண்பர் இந்த விஷயத்துல வெளிச்சம் போடப் பார்த்தாரு, நடுவுல கரண்ட் போயிடுச்சு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் சங்கத்தில் நான் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர், "கரண்ட் வந்துடுச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. முடி நரைத்த கிழவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், இதைச் சலிக்காமல் கேட்கிறார்கள்.

போன துர்கா பூஜைக்கு முன்பு வியாபாரி நிமாய் சாதுகான் என் வீட்டுக்கு வந்தான். பழைய காசு விற்பவன். யாரையும் 'தா', 'தாதா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான். சங்கத்தில் பாதிப் பேருடைய அலமாரி அவன் நிரப்பினதுதான். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். குத்ரத் ஷா.

"கிணறு வெட்டறப்போ கெடச்சது, சுகோமல்தா. லாஹிரி பாபுகிட்ட இருக்கறதுக்கு ஜோடி. உலகத்துல இது ரெண்டாவது, மூணாவது கெடையாது. யாருக்கும் மூச்சு விடாதீங்க, மத்தவங்க என்னைக் கொன்னுடுவாங்க."

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருடைய நாணயத்தை வாங்கிப் பார்க்கும்போது அது போலி என்று தெரிந்தால் வாயால் சொல்ல மாட்டோம். முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொன்னால் நட்பு போய்விடும், வக்கீல் நோட்டீஸ்கூட வரும். அதனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, மறுபக்கம் திருப்பாமல், அப்படியே கொடுத்துவிடுவோம். கொடுத்தவருக்குப் புரிந்துவிடும். முகம் சுருங்கும், வாங்கிப் பெட்டியில் வைப்பார், பேச்சு வேறு பக்கம் போகும். நல்ல நாணயமாக இருந்தால் திருப்பிப் பார்ப்போம். அவ்வளவுதான் மரியாதை.

நிமாய் கொடுத்ததை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்துக்குக் குறுக்கே ஓர் ஆழமான உளிவெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் காசு மாற்றும் சராப்புக்காரர்கள் உள்ளே செம்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க வெட்டிப் பார்ப்பார்கள். அந்த வெட்டைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது. லாஹிரியின் "ஒண்ணே ஒண்ணு" என் உள்ளங்கையில் செத்துக் கிடந்தது. விலை கேட்டு பேரம்கூடப் பேசவில்லை.

ஜனவரிக் கண்காட்சியில் லாஹிரிக்குச் சங்கத்தின் பதக்கம் கொடுப்பதாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குத்ரத் ஷாவைப் பற்றிப் பேசுவார், பிறகு கேள்வி நேரம், பிறகு பதக்கம். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, மெதுவாக உள்பாக்கெட்டில் கைவிட்டு, "கரண்ட் வந்துடுச்சு, லாஹிரி பாபு" என்று சொல்லி என் நாணயத்தை எடுத்துக் காட்டுவதாகத் திட்டம். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

கண்காட்சி கஸ்பாவில் ஒரு கல்யாண மாளிகையில். முந்தின நாள் கல்யாணத்தை இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை. வாசலில் பூவால் எழுதின மணமக்கள் பெயருக்குக் கீழே எங்கள் பேனர் தொங்கியது. மேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்ட இரண்டு சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்களை எடுக்க ஆள் வரவில்லை என்பதால் அவற்றையே தலைவர்களுக்கு வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் லாஹிரி. பெண் நாற்காலியில் சிறப்பு விருந்தினர் பரேஷ் மொய்த்ரா, வடக்குச் சங்கத்தின் தலைவர், பன்றிக் கட்சி. மரியாதைக்காக வருஷத்துக்கு ஒரு தடவை அவரைக் கூப்பிடுவோம். அவரும் எங்களைக் கேவலமாகப் பார்ப்பதற்காகத் தவறாமல் வருவார்.

கூடத்தில் வியாபாரிகளின் மேஜைகள் வரிசையாக இருந்தன. வழக்கமான கூட்டம்தான். பித்தளையில் ராமர் பட்டாபிஷேகம் அடித்த வில்லையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, இதற்கு லண்டனில் ஒரு கோடி தருகிறார்களாமே என்று மேஜை மேஜையாகக் கேட்டுப்போகிற ஒருவர். ராசியான எண் போட்ட நோட்டை மட்டும் தேடி வருகிற ஒருவர். எதையும் வாங்காமல், எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்கிட்ட இதைவிட நல்லதா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிற எங்கள் சங்கத்து ஆட்கள்.

நிமாய் என்னைக் கண்டதும் மேஜையைச் சுற்றி ஓடிவந்தான்.

"சுகோமல்தா, அதைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"எதை?"

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்கு வெளியில எடுக்காதீங்க தாதா. நல்ல நாளு, பெரியவருக்குப் பதக்கம் குடுக்கறாங்க. எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தணும்?"

"அவர் மனசு மேல உனக்கு என்ன இவ்வளவு அக்கறை?"

"எல்லார் மனசு மேலயும்தான் அக்கறை" என்றான். பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டதையும், ஜனவரியில் அவனுக்கு வியர்த்திருந்ததையும் நான் கவனித்தேன். லாஹிரிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது. கடுகுச் சட்னியோடு மீன் ஃப்ரை, ஆட்டுக்கறி, புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு. எனக்கு இடது பக்கம் பல் டாக்டர் மணிமோய் ஷோம், வலது பக்கம் வக்கீல் ஷிபேன் குஹா. இருவரும் லாஹிரியிடம் என்றைக்கும் இல்லாத அன்போடு இருந்தார்கள். ஷோம் தன் இலையிலிருந்த சந்தேஷை எடுத்து அவருக்கு வைத்தார். குஹா தண்ணீர் ஊற்றினார். நானும் என் பங்குக்கு, "உங்க பேச்சைக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். பலி கொடுக்கப் போகிற ஆட்டுக்கு எல்லோரும் தழை ஊட்டுகிற மாதிரி இருந்தது. ஷோம் அடிக்கடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். குஹாவும் தொட்டுக்கொண்டார். பின்னால் இரண்டு மூன்று பேர் அப்படியே. எங்கள் ஊரில் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சைத் தடவாத மனிதன் யார்? எல்லோருக்கும் வாயு என்று நினைத்தேன்.

பேச்சு தொடங்கியது. விளக்கை அணைத்தார்கள். மேடைச் சுவரில் குத்ரத் ஷாவின் நாணயம் ஓர் ஆள் உயரத்துக்கு விழுந்தது. கருகின லூச்சி இல்லை, பளிச்சென்ற படம்.

லாஹிரி கோலை எடுத்து உளிவெட்டைத் தொட்டார்.

"இந்த வெட்டைப் பாருங்க. மழை கொட்டற ஒரு சாயங்காலம். சோனார்காவ் கடைத்தெரு. ஒரு சராப்புக்காரன் இந்தக் காசைக் கையில வாங்கறான். புது சுல்தான், புதுப் பேரு, அவனுக்குச் சந்தேகம். உளிய எடுக்கறான். ஒரு வெட்டு. உள்ள சுத்த வெள்ளி. அவன் சந்தேகம் தீர்ந்துடுச்சு. அந்த ஒரு மனுஷனோட சந்தேகம் இன்னைக்கும் இந்தக் காசு மேல இருக்கு, பாருங்க."

கூட்டம் உச்சுக்கொட்டியது.

அந்த வெட்டு என்னுடைய வெட்டு. இரண்டாவது எழுத்தின் காலை நறுக்கிக்கொண்டு, நுனியில் கொஞ்சம் கோணி, பக்கத்தில் கடுகளவு ஒரு குழியோடு. பூஜையிலிருந்து தினமும் பார்த்த வெட்டு. என் பாக்கெட்டில் இருப்பதில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் சுவரில் இருந்தது. அச்சில் குறை இருந்தால் அடித்த காசிலெல்லாம் அந்தக் குறை வரும், அது வேறு. உளிவெட்டு காசு அடித்த பிறகு, கைமாறும்போது, கடையில் விழுவது. இரண்டு பேருக்கு மூக்கு ஒரேபோல இருக்கலாம். சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பும் ஒரேபோல இருக்குமா? யாரோ ஒரு காசை வைத்து வார்ப்பு எடுத்து, வெட்டையும் சேர்த்து வார்த்திருக்கிறான். என்னுடையதும் போலி, அவருடையதும் போலி. குத்ரத் ஷா என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

எழுந்து சொல்ல வைத்திருந்த வசனத்துக்கு இனி வேலை இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கைப் போட்டார்கள். கேள்வி நேரம். எனக்கு முன்னால் பல் டாக்டர் ஷோம் எழுந்தார். பேச்சு நடந்தபோது அவர் உதட்டை அசைத்துத் தன் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். சுவரை அவர் பார்க்கவே இல்லை.

"ஒரு சின்னத் திருத்தம், லாஹிரி பாபு. ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னீங்க." உள்பாக்கெட்டிலிருந்து பல்செட் வைக்கிற டப்பியை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்குள் குத்ரத் ஷா. "ரெண்டாவதையும் கணக்குல சேத்துக்குங்க."

லாஹிரியின் முகம் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்குள் வக்கீல் குஹா எழுந்துவிட்டார். "டாக்டர் சொன்னதும் தப்பு. ரெண்டு இல்ல." அவர் கையில் ஓர் உறை இருந்தது. அது முடிவதற்குள் பின்வரிசையில் ஒரு மருந்துக்கடை முதலாளி. அவருக்குப் பக்கத்தில், அவரை முறைத்துக்கொண்டே, ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஒவ்வொருவரும் லாஹிரியை ஒழிக்க எழுந்து, அடுத்தவரால் ஒழிந்து நின்றார்கள். கதவோரம் நிமாய் தன் மேஜைத் துணியின் நாலு முனையையும் சேர்த்து மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தான்.

சந்தேஷ் தட்டு ஒன்றைத் துடைத்து மேடையில் வைத்து, அதில் ஐந்தையும் வரிசையாக அடுக்கினார்கள். ஐந்திலும் அதே வெட்டு, அதே கோணல், அதே கடுகளவுக் குழி.

அந்தத் தட்டைச் சுற்றி நின்றவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. எல்லோருக்கும் அந்த நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. பெண் நாற்காலியில் பரேஷ் மொய்த்ரா கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சினிமா பார்க்கிற மாதிரி சௌகரியமாகச் சாய்ந்தார்.

முதலில் வாயைத் திறந்தது குஹா. வக்கீல் அல்லவா. "ஒரே சராப்புக்காரன் போல இருக்கு."

லாஹிரி பிடித்துக்கொண்டார். "ஒரே சராப்பு, ஒரே உளி. ஒழுங்கான மனுஷன். வெட்டறதுன்னா ஒரே இடத்துலதான் வெட்டுவான்."

"இருப்பாங்க, இருப்பாங்க" என்றார் ஷோம். "என்கிட்ட ஒரு கம்பவுண்டர் இருந்தான், யார் வந்தாலும் ஒரே பல்லைத்தான் புடுங்குவான்."

பிறகு நடந்ததுதான் எனக்குக் கூசியது. ஒருவர் நாணயத்தை ஒருவர் எடுத்தார்கள். பார்த்தார்கள். ஒவ்வொருவராக, மெதுவாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, மறுபக்கம் திருப்பினார்கள். ஷோம் லாஹிரியுடையதைத் திருப்பினார், லாஹிரி குஹாவுடையதைத் திருப்பினார். இவ்வளவு வருஷமாக அந்தச் சங்கத்தில் வாய்தான் பொய் சொல்லும், விரல் சொன்னதில்லை.

"அஞ்சு பேரும் காசோட சொந்தக்காரங்க" என்றார் மொய்த்ரா பெண் நாற்காலியிலிருந்து. "சொந்தக்காரன் சாட்சி எடுபடுமா, குஹா பாபு? சம்பந்தமில்லாத ஆள் ஒருத்தர் பார்க்கட்டுமே. நான் வேணும்னா பாக்கறேன்." கையை நீட்டினார்.

லாஹிரி தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விருந்தாளிக்கு எதுக்கு சிரமம்?"

"அப்ப அந்த மின்சார ஆபீஸ்காரரைக் கூப்பிடுங்க. அவருக்கும் உங்களுக்கும் ஆகாதுன்னு வடக்குல எங்களுக்குக்கூடத் தெரியும். அவர் கையில இந்தக் காசு இல்ல. அவர் திருப்பிப் பார்த்தா, எங்க சங்கம் ஏத்துக்கும். திருப்பலன்னா, எங்க பத்திரிகைல நாங்க எழுத வேண்டியதை எழுதுவோம்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

மேடைக்குப் போனேன். லாஹிரி தன் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் நடுங்கியது. "சுகோமல்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இத்தனை காலத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் கேட்டது இதைத்தான். இந்த மனிதனின் கழுத்து என் கையில் இருக்க வேண்டும் என்று குளியலறையில் நின்று கேட்டேன், அப்படியே கிடைத்துவிட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம். திருப்பாமல் கொடுத்தால் போதும். பதக்கம் போகும், சுல்தான் போவார், விசிட்டிங் கார்டு போகும், கரண்ட் ஜோக்கும் போகும். அதோடு உண்மையும் சொன்னதாக ஆகும், அது இனாம்.

கதவுப் பக்கம் பார்த்தேன். நிமாய் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திருப்பாவிட்டால் இவர்கள் எல்லோரும் அவன்மேல் பாய்வார்கள். பாய்ந்ததும் அவன் முதலில் சொல்லப்போவது, சுகோமல்தாவும் வாங்கினாரே, அவர் பாக்கெட்டைப் பாருங்க என்பதுதான். ஐந்து முட்டாள்களை அம்பலப்படுத்தின மனிதனாக இருக்கப் போவதில்லை நான். ஆறாவது முட்டாளாக இருப்பேன். பன்றிக் கட்சி அதைப் பத்திரிகையில் போடும். பாக்கெட்டில் கிடந்த நாணயம் நெஞ்சில் கொதிக்கிற மாதிரி இருந்தது.

லாஹிரிமேல் இரக்கம் வந்தது என்று சொல்லலாம். சொன்னால் நன்றாகவும் இருக்கும். ஆனால் வந்தது பயம்.

திருப்பினேன்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மொய்த்ரா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காலைக் கீழே போட்டார். நிமாய் மூட்டையை இறக்கி, துணியைத் திரும்ப மேஜைமேல் விரித்தான். லாஹிரி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "கரண்ட் வந்துடுச்சு" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நான் குளியலறையில் காப்பாற்றி வைத்திருந்த வசனம் அது.

அடுத்து எல்லாம் மளமளவென்று நடந்தது. ஐந்து நாணயம் கிடைத்திருப்பதால் எங்கோ ஒரு புதையல் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. புதையல் இருந்தால் ஒரு மழைக்காலம் மட்டும் ஆண்டிருக்க முடியாது, குறைந்தது இரண்டு வருஷம் ஆண்டிருக்க வேண்டும் என்று லாஹிரி அந்த மேடையிலேயே திருத்தினார். தலைமையாசிரியர் எழுந்து மூன்று வருஷம் போடலாமே என்றார். விவாதித்து இரண்டரைக்கு ஒத்துக்கொண்டார்கள். பிறக்காத சுல்தானுக்கு ஆயுள் கூட்டுவதில் எங்கள் சங்கத்தில் அன்றுதான் கட்சி பேதம் இல்லாமல் இருந்தது. "ஒண்ணே ஒண்ணு" போனதைப் பற்றி லாஹிரி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"ஒரு குறை இருக்கு. இந்த சபையில பெரிய மனசோட சாட்சி சொன்ன நம்ம ரக்ஷித் பாபுகிட்ட ஒரு குத்ரத் ஷா இல்ல. இது நமக்கு அவமானம். நிமாய், உனக்குத் தெரிஞ்ச இடத்துல விசாரிச்சா இன்னொண்ணு கெடைக்குமா?"

"தேடிப் பாக்கறேன் தாதா" என்று சொல்லிவிட்டு நிமாய் மேஜைக்குக் கீழே குனிந்து நிமிர்ந்தான். கிடைத்துவிட்டது. சங்கத்தின் செலவில் எனக்குப் பரிசளிப்பது என்று குஹா முன்மொழிந்தார், ஷோம் வழிமொழிந்தார்.

ஒரு சின்ன வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் முன்னால் வந்து நின்றார். "பாத்துட்டுச் சொல்லுங்க ரக்ஷித் பாபு" என்றார் லாஹிரி. அவருக்கு இப்போது கை நடுங்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். அதே வெட்டு. கூட்டமே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் திருப்பினேன். படத்துக்காக இன்னொரு தடவை திருப்பச் சொன்னார்கள், திருப்பினேன்.

கீழே இறங்கும்போது நிமாய் என் குல்லாவை எடுத்து மிகுந்த மரியாதையோடு என் கையில் கொடுத்தான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அதைவிட என்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் பஸ் பிடித்தேன்.

வீட்டில் பீதிகா டீ போட்டு வைத்திருந்தாள்.

"என்ன, மூக்கு உடைஞ்சுதா?"

"பதக்கம் குடுத்தாங்க."

"யாருக்கு?"

"லாஹிரிக்கு. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க." உள்பாக்கெட்டிலிருந்து ஒன்றும் வெல்வெட் பெட்டியிலிருந்து ஒன்றும் எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் கேட்கவில்லை, நானே நடந்ததில் பாதியைச் சொன்னேன். குத்ரத் ஷா இரண்டரை வருஷம் ஆண்டிருக்கிறார் என்றேன். புதையல் என்றேன். என் குரலே எனக்கு லாஹிரியின் குரல் மாதிரி கேட்டது.

பீதிகா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி வெட்டைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த மற்றதைப் பார்த்தாள். இந்த வீட்டில் எங்கள் சங்கத்து ஆட்களுக்கு டீ கொடுத்துக் கொடுத்து, அவர்கள் கை என்ன செய்யும் என்பதை அவளைவிட அதிகம் பார்த்தவர்கள் கிடையாது.

கையில் இருந்ததை அப்படியே, திருப்பாமல், என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "டீ ஆறிடும், குடிங்க" என்று சொல்லி உள்ளே போனாள்.